பிரித்துப் பார்க்காத ஐந்து நட்சத்திரங்கள்

"உங்கள் கடை முடக்கப்பட்டுள்ளது" என்று போனில் செய்தி வந்தபோது என் வாயில் போர்சோக் இருந்தது. பொரித்த மாவுத் துண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்த வரியை மறுபடியும் படித்தேன். கீழே காரணமும் போட்டிருந்தார்கள்: போலி விமர்சனங்கள். என் சித்தப்பா, என் அத்தைகள், அவர்கள் பெற்றவை, கட்டிக்கொண்டவை என்று ரத்தமும் சதையுமான முப்பது சொச்சம் ஷாயிம்பெகோவ் குடும்பத்தாரை ஏதோ ஓர் இயந்திரம் போலி என்று சொல்லிவிட்டது.

எங்கள் பக்கத்தில் புதிதாக எதைப் பார்த்தாலும் சும்மா பார்த்துவிட்டுப் போகக்கூடாது. மருமகளோ, குழந்தையோ, வாங்கிய காரோ, பார்த்தவர் உரியவர் கையில் ஏதாவது வைக்க வேண்டும். கொரும்துக் என்போம். என் மனைவி ஜிய்னத் தைக்கும் கெம்செல்களை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாத குளிர்ச்சட்டைகளை, அந்தப் பெரிய தளத்தில் நான் விற்பனைக்குப் போட்டவுடன் குடும்பக் குழுவில் ஒரு செய்தி அனுப்பினேன். "கடை திறந்திருக்கிறேன். கொரும்துக் என்று நினைத்து ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். நாலு நல்ல வார்த்தையும் எழுதுங்கள்." எவ்வளவு பெரிய வியாபார மூளை என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டு கிண்ணம் தேநீர் கூடுதலாகக் குடித்தேன்.

வாங்கினார்கள். ஒரே நாளில், எங்கள் ஊர் டோக்மோக்கில் ஒரே பார்சல் கடையில் போய் வரிசையில் நின்று, வரிசையிலேயே ரொட்டியும் பிட்டுத் தின்றுகொண்டு வாங்கினார்கள். எழுதவும் செய்தார்கள். "எங்கள் பையன் டோலோகோன் நன்றாக இருக்கட்டும், ஆமின். ஐந்து நட்சத்திரம்." "பொட்டலம் வந்தது. பிரிக்கவில்லை, மருமகளுக்கு வைத்திருக்கிறேன். ஐந்து நட்சத்திரம்." சித்தப்பா, இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே என்று, தன் பசு கிடேரிக் கன்று போட்ட செய்தியையும் சேர்த்திருந்தார். அதற்கும் ஐந்து.

கடை முடங்கியதைச் சொன்னதும் ஜிய்னத் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் போனை வாங்கினாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இதுல ஒருத்தராவது போட்டுப் பாத்தாங்களா?"

"எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்களே."

"பொட்டலத்துக்குக் குடுத்திருக்காங்க. என் தையல் நல்லா இருக்கா இல்லையான்னு இப்பவும் எனக்குத் தெரியாது." போனைத் திருப்பித் தந்தாள். "குளிர் போறதுக்குள்ள தெரிஞ்சாகணும். இல்லன்னா மிஷின திருப்பிக் குடுத்துட்டு ஸ்கூல் கேன்டீனுக்கே போறேன். அங்க சூப்புல உப்பு இல்லன்னா பிள்ளைங்க மூஞ்சியிலயே தெரியும்."

மிஷின் வாடகைக்கு எடுத்தது. எடுக்கும்போது கேன்டீன் வேலையை விடச் சொன்னவனும் நான்தான்.

பெரிய தளத்தில் மேல்முறையீடு செய்ய ஓர் அரட்டைப் பெட்டி இருந்தது. அதில் லீனா என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் அத்தனை பேரும் என் உண்மையான சொந்தக்காரர்கள் என்று எழுதினேன். என் கேள்வி அவளுக்கு மிகவும் முக்கியம் என்றாள். கடை எப்போது திறக்கும் என்று கேட்டேன். என் பொறுமைக்கு நன்றி என்றாள். எனக்குப் பொறுமையே கிடையாது என்றேன். சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பி, சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டாள். நான் பட்டது போதாதா?

சரி, உலகத்தில் இது ஒன்றுதானா சந்தை என்று வேறு இடம் தேடக் கிளம்பினேன். கிளம்பினேன் என்றால் கணப்புப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அண்டை நாட்டுத் தளம் ஒன்று தரகு குறைவு என்றது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், புகைப்படம் எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் அந்த நாட்டு வரிச் சான்று கேட்டது. முதல் பக்கத்தில் கேட்டிருந்தால் என்ன, விரல் தேய்ந்துவிடுமா? இன்னொரு தளத்தில் கெம்செல் என்ற வகையே இல்லை. கையில்லாதது என்று இருந்தது தண்ணீரில் போடும் "உயிர்காக்கும் கவசம்" மட்டும்தான்; அதன் கீழ் போட்டுப் பார்த்தேன், நீந்தத் தெரியுமா என்பது போல ஏதேதோ கேள்வி வந்தது. போனில் ஒரு விற்பனைக் குழுவில் சேர்ந்தேன். ஆயிரக்கணக்கில் ஆட்கள், பகல் முழுக்க சத்தம். நாலு நாள் கழித்துத்தான் புரிந்தது, அத்தனை பேரும் விற்கிறவர்கள். வாங்குகிறவர் என்று தப்பித் தவறி யாராவது வந்திருந்தால் பயந்து ஓடியிருப்பார்.

மனிதர்களிடமாவது கேட்போம் என்று கேட்டேன். முன்னறையில் ஜிய்னத்தோடு பஞ்சு திணிக்க உட்காரும் என் அக்கா பத்மாவிடம், "அக்கா, உண்மையச் சொல்லு, இந்த கெம்செல் விக்குமா?" என்றேன். அக்கா பனிக்காலம் தொடங்கியதிலிருந்து எங்கள் கெம்செலைத்தான் போட்டிருக்கிறாள்.

"கடவுள் நினைச்சா விக்கும்டா தம்பி."

"அவர் நினைக்கறது இருக்கட்டும். நீ என்ன நினைக்கற?"

"நான் நினைச்சு என்ன ஆகப்போகுது? அந்த மேல் தட்டுல இருக்கற தேயிலை டப்பாவ எடு."

எடுத்துக் கொடுத்தேன். தினமும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். லீனாவுக்கும் என் அக்காவுக்கும் ஒரே வித்தியாசம், அக்கா தேநீர் போட்டுத் தருவாள்.

கடைசியாகக் கிடைத்தது கொங்ஷு என்ற சின்னத் தளம். தலைநகர் பிஷ்கெக்கில் யாரோ நாலைந்து பேர் நடத்துகிறார்கள். முகப்பிலேயே எழுதியிருந்தார்கள்: முதலில் ஒரு சரக்கை அனுப்புங்கள், நாங்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம். கீழே ஒரு போன் நம்பர். எனக்குக் கோபம் வந்தது. வாங்குகிறவன் பார்க்காமல் வாங்குகிறான், இவர்களுக்கு என்ன வந்தது? அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜிய்னத் சாம்பல் நிறக் கெம்செல் ஒன்றை எடுத்து மூன்று தடவை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் பதில் இல்லை. இவர்களும் லீனாவின் தங்கைகள்தான் என்று முடிவு கட்டி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

"அஜார் பேசறேன். யாரு?"

"டோக்மோக்லேருந்து டோலோகோன். சாம்பல் கெம்செல்."

"அட, அண்ணே! அதத்தான் போட்டிருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் கூப்பிடணும்னு இருந்தேன்."

தயார் செய்து வைத்திருந்த நறுக்கு வார்த்தைகள் எங்கேயோ ஓடிவிட்டன. ஜிய்னத் மிஷினை நிறுத்தினாள். நான் போனை மேசையில் வைத்து சத்தத்தைக் கூட்டினேன். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே, ஆமின், ஐந்து நட்சத்திரம் என்று எதையாவது சொல்லிவிடேன் என்று மனசு கெஞ்சியது.

"நேரா சொல்லவா?"

நான் பதில் சொல்வதற்குள் ஜிய்னத் குனிந்து, "சொல்லும்மா. நான்தான் தைச்சது" என்றாள்.

"தையல் ரொம்ப நல்லா இருக்குக்கா. ஒரு வாரமா போடறேன், ஒரு நூல் கூட விடல. நல்ல கதகதப்பு. ஆனா கையத் தூக்க முடியல. பஸ்ல மேல் கம்பியப் பிடிக்கப் போனா அக்குள்ல பிடிச்சு இழுக்குது, சட்டை மொத்தமும் தாடைக்கு வந்துடுது. இப்படியே போட்டா வாங்கினவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அத சரி பண்ணிக் குடுங்க, போடறேன்."

"சரி பண்ணா விக்குமா?" என்றேன்.

"தெரியாதுண்ணே. எங்க பக்கம் வர்ற ஆளே இன்னும் கம்மிதான். என் ஸ்டாப் வந்துடுச்சு, வைக்கறேன்."

ஜிய்னத் குவியலிலிருந்து ஒரு கெம்செலை எடுத்துப் போட்டு, பொத்தான்களை மாட்டி, இரண்டு கைகளையும் விளக்கை நோக்கித் தூக்கினாள். சட்டை கூடவே ஏறி அவள் கழுத்தில் வந்து நின்றது. கைகளை இறக்காமலேயே மெல்லத் திரும்பி என் அக்காவைப் பார்த்தாள். பத்மா அக்கா மேல் தட்டில் இருந்த தேயிலை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. பிறகு எழுந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தன் கெம்செலை ஜிய்னத்தின் மேசையில் வைத்தாள். வெறும் கம்பளிச் சட்டையோடு நடந்து போய், கையை நீட்டி, டப்பாவைத் தானே எடுத்தாள்.

ஜிய்னத் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியைத் தேட ஆரம்பித்தாள்.