பூவராகன் சாரின் வி.பி.என்.

எங்கள் துறைத் தலைவர் பூவராகன் சாருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். வீட்டிலிருந்தே நூலகத்தின் ஆய்விதழ்களைப் படிக்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் துறைக்கு ஒரு வி.பி.என். கணக்கு கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். பெருங்களத்தூரில் அவர் வீட்டுக் கணினியில் அதை அமைத்துக் கொடுத்த பாவி நான்தான். அன்றிலிருந்து மனிதர் அதைவிட்டு வெளியே வரவே இல்லை. ஓர் ஆய்விதழையாவது திறந்திருப்பாரா? ஊஹூம்.

பொங்கல் விடுமுறை. பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தது. என் கட்டுரையைத் திருத்தி அன்றைக்குள் அனுப்பாவிட்டால் அந்த வெளிநாட்டு இதழ் அதைக் கைவிட்டுவிடும். கட்டுரை வராமல் என் பிஎச்.டி. நகராது. திருத்துவதற்கு இரண்டு பழைய கட்டுரைகள் தேவைப்பட்டன. பீர்க்கன்கரணையில் என் வீட்டிலிருந்து காலை முழுக்க முயன்றேன். ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றே திரையில் வந்தது. யாரென்று தெரியாதா எனக்கு? போன் செய்தால் எடுக்கவில்லை. ஊருக்குப் போகிற கூட்டத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் அசையவில்லை. சார் வீட்டுக்கு நடந்தே போனேன்.

"கொஞ்ச நேரம் டிஸ்கனெக்ட் பண்ணுங்க சார். ரெண்டு பேப்பர் எடுத்துக்கிட்டா போதும்."

"அதெப்படி அனுப்பிரியா? இது ஆன்ல இருந்தா வைரஸ் வராது. நாம என்ன பார்க்கிறோம்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. சுரங்கப்பாதை மாதிரி. டிரெயினிங்ல சொன்னாங்களே, நீ கவனிக்கலையா?"

அவர் முதுகுக்குப் பின்னால் திரை தெரிந்தது. மறைமலை நகர்ப் பக்கம் ஏதோ தனியார் கல்லூரியில் முதல்வர் வேலைக்கு விண்ணப்பம், பாதி நிரப்பியிருந்தார். செத்தாலும் இந்தத் துறையை விட்டுப் போகமாட்டேன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கைப் பிடித்துக் கண்கலங்குகிற மனிதர்.

"சுரங்கம்தான் சார். ஆனா அது போய்த் திறக்கிறது நம்ம கம்ப்யூட்டர் சென்டர்ல. இங்க நீங்க எந்த சைட்டைத் திறந்தாலும், உங்க வீட்டு லைனோட சேர்த்து அங்க பதிவாகும்."

சார் மவுஸைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் மேஜைக்கடியில் குனிந்து ஒயரையே பிடுங்கினார். நான் கெஞ்சினபோது ஓர் அங்குலம் அசையாத உடம்பு அது.

வீட்டுக்கு வந்ததும் முதல் முயற்சியிலேயே உள்ளே போனேன். சாயங்காலம் கட்டுரை போய்விட்டது.

விடுமுறை முடிந்ததும் சார் அறைக்குக் கூப்பிட்டார். நாலு வருஷத்தில் முதல்முறையாக உட்காரச் சொன்னார். காபி வேறு.

"அங்க பதிவானதை அழிக்கச் சொல்ல முடியுமாம்மா?"

"எதுக்கு சார்? நீங்க ஜர்னல்தானே படிச்சிட்டிருந்தீங்க?"

காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.