பக்கவாட்டில் ஒரு சம்பந்தம்

என் தங்கை மகளுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத சாது. அவன் வீட்டில் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண்ணின் அப்பா தன் சொந்தக் காரில் வந்து, அவர்கள் லாரி நிறுத்துகிற முற்றத்தின் நடுவில் இருக்கும் எண்ணெய் டிரம்மை ஒரு சுற்று டிரிஃப்ட் அடிக்க வேண்டும். அதாவது சக்கரம் வழுக்க வழுக்க, மூக்கு ஒரு பக்கமும் போக்கு ஒரு பக்கமுமாக, வண்டி பக்கவாட்டில் போக வேண்டும்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையனின் அப்பாவுக்குப் பட்டப்பெயரே புகைக்காரர். பீடி சிகரெட் தொட்டதில்லை. எல்லாம் டயரிலிருந்து கிளம்புகிற புகை. மூத்த மருமகளின் அப்பா ஒரு பல் டாக்டர். அவரும் இப்படிச் சுற்றிவிட்டுத்தான் சம்பந்தி ஆனார். அன்றிலிருந்து அவருக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார்.

"நேரா போறப்ப எல்லாரும் நல்லவங்கதாங்க," என்று புகைக்காரர் எங்களுக்கு விளக்கினார். "வழுக்குறப்ப ஆளு எப்படின்னு பாக்கணும்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை புருஷன் தலையாட்டிவிட்டார். மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் படுத்துக் கிடந்ததைப் பார்த்த மனிதர், வேறு என்ன செய்வார்? ஆனால் அவர் யார் என்று சொல்ல வேண்டும். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஈரத் தரையில் 'வழுக்கும், கவனம்' என்று மஞ்சள் பலகை வைப்பதுதான் பிழைப்பு. வீட்டுக் குளியலறை வாசலிலும் ஒன்று வைத்திருக்கிறார். நான்கு சக்கரமும் இழுக்கிற காரைத் தேடிப் பிடித்து வாங்கியதே அது லேசில் வழுக்காது என்பதற்காகத்தான். அதை வழுக்க வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் மெக்கானிக், போதாக்குறைக்குத் தாய்மாமன்.

வேலை அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. நான்கு சக்கரமும் இழுத்தால், பின்பக்கம் சறுக்க ஆரம்பித்ததுமே முன்சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கிவிடும். அதனால் முன்சக்கரங்களுக்குப் போகிற இரண்டு ஆக்சிலையும் கழற்றினேன். அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆக்சிலின் வெளி முனையில் இருக்கும் கிண்ணத்தை மட்டும் பிரித்துச் சக்கரத்தில் திரும்ப இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் பிரிந்து சக்கரம் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிடும். சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிற நடு டிஃபரன்ஷியலுக்கு வெல்டு வைத்துப் பூட்டினேன். பூட்டாவிட்டால் எஞ்சினின் சக்தியெல்லாம் ஆக்சில் இல்லாத முன்பக்கத்துக்கே ஓடி வீணாகும். இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுற்றுவதற்காகப் பின் டிஃபரன்ஷியலுக்கும் ஒரு வெல்டு. கடைசியாக, திரும்புவதற்குப் பிடிமானம் வேண்டும் என்று முன்னால் புது டயர், வழுக்குவதற்குப் பின்னால் மொட்டை டயர்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், இத்தனைக்கும் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கையில் தீயணைப்பானோடு பக்கத்திலேயே நின்றார்.

"இது வண்டியைக் கெடுக்கிறதுதானே மச்சான்?"

"ஆமா மாப்ள. ஆனா ஒழுங்கா கெடுக்கணும்."

வீட்டிலும் பயிற்சி நடந்ததாகத் தங்கை சொன்னாள். கூடத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்தி உந்திச் சறுக்கினாராம். அதற்கு முன்னால் மறக்காமல் மஞ்சள் பலகையும் வைத்தாராம்.

குறித்த நாளில் முற்றத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி வைத்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. புகைக்காரரின் மனைவி கைப்பையை மடியில் அணைத்தபடி, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மகள் என் சட்டைக் கையைப் பிடித்த பிடியில் தையல் விட்டது.

மாப்பிள்ளை எஞ்சினை உறும விட்டார். டிரம்மை நோக்கி வந்தார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். கார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், மிகவும் மரியாதையாக நேரே போய்ப் பழைய டயர்க் குவியலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னால் இரண்டும் மொட்டை.

"மாப்ள! டயரை யாரு மாத்தினது?"

"நான்தான். காலையில."

"எதுக்கு?"

"புது டயர் எப்பவும் பின்னாடிதான் போடணும் மச்சான். பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திடும்."

"சுத்தணும்னுதான்யா வந்திருக்கோம்!"

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சொன்ன விதி சரியான விதிதான், அதுதான் எரிச்சல். நாற்காலிகள் பக்கம் பார்த்தேன். பல் டாக்டர் முழு உடம்போடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். தங்கை மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"தோத்துட்டேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. கண் கலங்கியிருந்தது. "வண்டியை வெளிய எடுத்துடறேன். நீங்க தள்ளி நில்லுங்க."

அபாய விளக்கைப் போட்டார். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரிவர்ஸ் கியர். கார் குவியலுக்குள் சிக்கியிருந்ததால் அசையவில்லை. இன்னும் மிதித்தார். இன்னும் மிதித்தார். திடீரென்று பிய்த்துக்கொண்டு பின்னால் பாய்ந்தது. ஒடித்த ஸ்டீயரிங் ஒடித்தபடியே இருந்தது. பதற்றத்தில் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழவில்லை. புது டயர்கள் தரையைப் பிடித்து இழுக்க, மொட்டை டயர்களோடு மூக்கு வெளியே வழுக்கிக்கொண்டு போனது. விளக்குகள் மின்ன மின்ன, ஹாரன் அலற அலற, கார் பின்பக்கமாகவே பக்கவாட்டில் டிரம்மைச் சுற்றி, தொடங்கிய இடத்தில் வந்து நின்றது.

புகைக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

"ரிவர்ஸ்ல ஒரு சுத்து! எங்க வம்சத்துலயே யாரும் பண்ணதில்லைங்க சம்பந்தி!"

மாப்பிள்ளை காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணு நாளைக்கு உங்க வீட்டு வண்டியிலதான் ஏறப் போறா. எனக்கு பயமா இருக்குங்க. நீங்க ஒரே ஒரு தடவை நேரா ஓட்டிக் காட்டுங்க. இங்கேருந்து கேட்டு வரைக்கும். மெதுவா."

"அப்பா..." என்றாள் மகள். பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

புகைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. "நேராவா?"

"நேராத்தான். இல்லைன்னா பொண்ணு தர மாட்டேன்."

புகைக்காரர் எங்கள் காரில் ஏறினார். பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடவினார். பையன் போய் மாட்டிவிட்டான். கார் ஊர்ந்தது. அவருக்கு வியர்த்து ஊற்றியது. பழக்கத்தில் ஒரு கை ஸ்டீயரிங்கை ஒடிக்கப் போக, இன்னொரு கை அதைப் பிடித்து அமுக்கியது. பாதி முற்றம் தாண்டியதும் அவருடைய மனைவி கைப்பையோடு எழுந்து ஓடினார். ஓடிக்கொண்டிருந்த காரின் கதவைத் திறந்தார்.

"ஓடற வண்டியில ஏறாதீங்க!" என்று மாப்பிள்ளை அலறினார்.

அந்த அம்மாள் ஏறிவிட்டார். "நிறுத்தாதீங்க!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "கல்யாணமான நாள்லேருந்து உங்ககூட ஒரு தடவையாவது நேரா போயிடணும்னு பாக்கறேன். அப்படியே போங்க. எங்க அக்கா வீடு வரைக்கும் போங்க!"

கார் கேட்டைத் தாண்டித் தெருவில் நேராகப் போயிற்று. அந்த அம்மாள் அழுவதும், அழுதுகொண்டே சிரிப்பதும் பின்கண்ணாடியில் தெரிந்தது. நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மெக்கானிக் அழக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியே போய் எட்டி எட்டிப் பார்த்தார்.

"மச்சான், அந்தம்மா பெல்ட் போட்டாங்களா?"

"போட்டாங்க மாப்ள. நான் பாத்தேன்."

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா. கல்யாணத்தை வச்சுக்கலாம்."