பேரச் சொல்லுங்க

ரமீஜாவுக்கு ஒரு திமிர் உண்டு. தன் கையில் பழகிய மாணவி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தலைகுனிந்து நிற்க மாட்டாள் என்கிற திமிர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியில், பன்னிரண்டு வருஷமாகப் பெண்கள் வார்டு அவள் பொறுப்பு. ராஜபாளையத்துக் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் நர்சிங் பிள்ளைகளைப் பழக்குவதும் அவள்தான்.

அந்தத் திமிருக்குச் சோதனையாக வந்து சேர்ந்தாள் விஜி. கெட்டிக்காரிதான். ஆனால் நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். மற்ற பிள்ளைகள் மூன்று பேருக்கு ஊசி போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பும்போது, இவள் முதல் ஆளிடம் பேர் கேட்டுக்கொண்டு நிற்பாள். போன செய்முறைத் தேர்வில் நேரம் தாண்டிப்போய்த் தோற்றாள். இந்த முறையும் தோற்றால் ஆறு மாசம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவள் அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் நின்று படிக்க வைக்கிறவள். "இவ பாஸாகலைன்னா இனிமே எங்கிட்டப் பிள்ளையளை அனுப்பாதீக" என்று கல்லூரியில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் ரமீஜா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாளே அவள் ஓதுகிற பாடம் ஒன்று உண்டு.

"ஏட்டி, இந்த ஊர்ல நர்சு எது கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாக. சாப்பிட்டியளான்னா ஆமா. சாப்பிடலியான்னாலும் ஆமா. அம்புட்டு மரியாதை. அதனால 'நீங்க இன்னார்தானே'ன்னு கேக்கப்படாது. 'உங்க பேரச் சொல்லுங்க'ன்னு கேளு. அவிய வாயால வரட்டும். டாக்டர் சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி, பொறவுதான் ஊசி."

தேர்வு நாள் வந்தது. இரண்டு நாள் லீவு முடிந்து அன்று காலைதான் ரமீஜா வேலைக்கு வந்திருந்தாள். மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் ஜெயசித்ரா, சிரித்துப் பழக்கமில்லாத முகம். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தருக்கு இன்சுலின் போடணும். பத்து நிமிஷம்."

படுக்கைகளின் கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டுகளை ரமீஜா ஓட்டமாகப் பார்த்தாள். ஏழாம் படுக்கை, ஜெயபாய். காலை ஆறு மணிக்குப் பார்த்த சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. "ஏழாம் பெட்" என்று காட்டினாள்.

விஜி கை கழுவினாள். டாக்டர் எழுதியதைப் படித்தாள். அளவு பார்த்து ஊசிக்குழலில் மருந்தை ஏற்றினாள். திரும்பவும் அளவு பார்த்தாள். எட்டு நிமிஷம் போய்விட்டது. இனி இந்தப் புண்ணியவதி பேர் கேட்டு, ஊர் கேட்டு, எப்போது போட்டு முடிப்பாள்? பொறுக்க மாட்டாமல் ரமீஜா வாயைத் திறந்துவிட்டாள்.

"ஜெயபாய்தானம்மா நீங்க?"

படுத்திருந்தவள் தலையாட்டினாள். "ஆமா தாயி."

"போடு விஜி, சீக்கிரம்!"

"நீங்க பேசக்கூடாது சிஸ்டர்" என்றார் ஜெயசித்ரா.

ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது. விஜி ரமீஜாவை ஒரு தரம் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. படுத்திருந்தவள் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, உங்க பேர நீங்களே சொல்லுங்க."

"அழகுத்தாய்."

எட்டாம் படுக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாந்தாம்மா ஜெயபாய்."

விஷயம் இவ்வளவுதான். அழகுத்தாய்க்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். ஏழாம் படுக்கை ஜன்னலோரம், அங்கிருந்து கோபுரம் தெரியும். "கத்தி வைக்குமுன்ன செத்த நேரம் கோபுரத்தப் பாத்துக்கிடுதேனேன்னு கேட்டேன். இந்தக்கா எந்திச்சு எடங் குடுத்தா" என்றாள் அழகுத்தாய்.

"எங்க சர்ச்சுதான் ஜன்னல்ல தெரியல, அவளுக்காச்சும் தெரியட்டுமேன்னுதான்" என்றாள் ஜெயபாய். ஆறு மணிக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு இரவு நர்சு நகர்ந்ததும் ஆள்கள் மாறியிருந்தார்கள். காகிதங்கள் மாறவில்லை.

"அப்ப எதுக்கும்மா ஆமான்னீக?" ரமீஜா அழகுத்தாயிடம் திரும்பினாள்.

"நர்ஸம்மா கேக்குறாவ, இல்லைன்னா சொல்ல முடியும்?"

எட்டாம் படுக்கையில் தொங்கிய அழகுத்தாயின் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள் ரமீஜா. சர்க்கரை நோயே இல்லாதவள், ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். அந்த ஊசி இறங்கியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நினைவு தப்பியிருக்கும். உயிரே போயிருக்கலாம்.

ஜெயசித்ரா கடிகாரத்தைப் பார்த்தார். "பதிமூணு நிமிஷம். நேரம் முடிஞ்சிருச்சு."

"மேடம், தப்பு என்னோடது" என்றாள் ரமீஜா. "படுக்கையைக் காட்டுனது நான். பேரை எடுத்துக் குடுத்ததும் நான். எம்பேர எழுதிக்கோங்க. அவளைத் தோக்கடிச்சிராதீக."

ஜெயசித்ரா விஜியிடம் திரும்பினார். "உங்க சிஸ்டர் சொன்னாங்க. பேஷண்டும் ஆமான்னாங்க. அப்புறமும் ஏன் கேட்டே?"

"அவிய சொல்லிக்குடுத்ததத்தான் செஞ்சேன் மேடம். 'நானே சொன்னாலும் கேட்டுட்டுத்தான் போடணும்'னு சொல்லிருக்காவ."

ரமீஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன. பெருமைதான் பெரிதாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கத்திய கத்து ஒருத்தி காதில் ஏறியிருக்கிறது. அதுவும் தன்னையே தடுத்து நிறுத்துகிற அளவுக்கு ஏறியிருக்கிறது!

ஜெயசித்ரா நேரம் எழுதும் கட்டத்தை அடித்தார். "போடாம நிறுத்துனதுக்கு இந்தப் பாரத்துல கட்டமே இல்ல. நானே ஒண்ணு போட்டுக்கிறேன்." கட்டம் போட்டு, அதற்குள் 'தேர்ச்சி' என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் பழைய எடத்துக்கே போகணுமா தாயி?" அழகுத்தாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க இங்கனயே படுங்கம்மா. காகிதம் மாறிக்கிடட்டும்." ரமீஜா இரண்டு கேஸ் ஷீட்டுகளையும் கழற்றி மாற்றப் போனாள்.

"அக்கா, செத்த பொறுங்க." விஜி எட்டாம் படுக்கைக்குத் திரும்பினாள். "அம்மா, உங்க பேரச் சொல்லுங்க."

வாய் சும்மா இருக்காத ரமீஜா, காகிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காத்து நின்றாள்.