மூணாய் மடித்த நீலத் துண்டு

டென்னிஸ் கிளப்பில் செம்மண் மைதானத்தைக் கூட்டுவதும் வெள்ளைக் கோடு துடைப்பதும் என் வேலை. அங்கே ஆடுகிற பெரிய ஆட்டக்காரன் ஒருத்தனுக்கு நாங்கள் வைத்த பேர் கோடுதாண்டி. கோட்டில் கால் பட்டால் தோற்றுப்போவானாம். மைதானத்துக்குள் நுழையும்போது கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கி நின்றுவிட்டுத்தான் தாண்டுவான். தண்ணீர் பாட்டில் ரெண்டும் ஒரே பக்கம் முகம் காட்ட வேண்டும். ஜெயித்துக்கொண்டு வரும்வரை மணிக்கட்டுப் பட்டையைத் துவைக்கவே கூடாது.

என் பெண்சாதி அதே கிளப்பில் துணி துவைத்தாள். போன வருஷம் இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், பட்டை செத்த எலி மாதிரி நாறுகிறதே என்று நல்ல எண்ணத்தில் அலசிக் காயப்போட்டுவிட்டாள். மறுநாள் அவன் தோற்றான். பந்தை வலையில் அடித்தது அவன் கை, பழி விழுந்தது இவள் தலையில்.

"இந்தப் பீடை கை வச்சதாலதான் போச்சு" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். மேனேஜர் அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

வேலை போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பேர் எங்கள் தெருவரைக்கும் நடந்து வந்துவிட்டது. என் கூடப்பிறந்த அக்காவே, மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது, "நீ மட்டும் வா தம்பி" என்றாள்.

இவள் அழவில்லை. "வச்ச பேரை அவன் வாயாலயே எடுக்க வைக்கணுங்க. அதுவரைக்கும் நீங்க வேலையை விட்டுறாதீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மிதிக்காத கோடுகளைத் துடைத்து வந்தேன்.

அப்புறம் அவளுக்கு எங்கள் தெருமுனைச் சலவைக் கடையில் வேலை கிடைத்தது. இந்த வருஷம் போட்டி தொடங்குகிற நேரம் பார்த்து கிளப்பின் துவைக்கிற மெஷின் படுத்துவிட்டது. அழுக்குத் துணியெல்லாம் மூட்டையாகி என் தோளில் ஏறி அதே கடைக்குப் போனது. அதில் கோடுதாண்டியின் நீலத் துண்டும் இருந்தது. மூணாய் மடித்து முனையை உள்ளே செருக வேண்டும், இல்லாவிட்டால் தொடமாட்டான்.

"நடுவுல கிழிச்சு விட்டுறவா?" என்றேன்.

"குடுங்க, நான் மடிக்கிறேன். அவன் ஜெயிக்கட்டும்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"நான் தொட்டு அவன் தோத்தா நான் பீடைதான். நல்லா ஜெயிக்கட்டும்ங்க."

ஜெயித்தான். ஒவ்வொரு ஆட்டமும் ஜெயித்தான். முடிந்ததும் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

இறுதி ஆட்டத்தன்று காலை அவள் துண்டைச் சுருட்டித்தான் கொடுத்தனுப்பினாள். கோடுதாண்டிக்கு அதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யோவ், மடிக்கலையே?"

"இன்னிக்கு அவ மடிக்க மாட்டேன்னுட்டா சார்."

"எவ?"

"பீடைன்னு துரத்துனீங்களே, அவதான். இத்தனை நாளும் அவ கைதான் மடிச்சுது."

பாட்டிலைத் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது. தானே மடித்துப் பார்த்தான். முனை உள்ளே போகவில்லை. மறுபடி மடித்தான். அப்புறம் அவள் எந்தக் கடையில் என்று கேட்டு, துண்டை அள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். நான் பின்னால் போனேன். ஆட்டத்துக்கு நேரமாகிறதே என்று மேனேஜரும் ஓடி வந்தார்.

கடையில் நல்ல கூட்டம். இவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை ஒரு தடவை மடிச்சுக் குடுங்க."

"அக்காவா? எனக்கு வேற பேருல்ல வச்சிருந்தீங்க."

"கோவத்துல சொல்லிட்டேன்."

"எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னீங்க. எடுக்கிறதையும் அப்படியே எடுங்க தம்பி."

அவன் மேனேஜரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். எதிர்வீட்டு மதினியும் துணி வாங்க நின்றிருந்தாள். "இவங்க பீடை இல்லை. நான் தோத்தது என்னாலதான்" என்றான்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்கலை."

உரக்கச் சொன்னான். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் துண்டை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். அப்படியே பக்கத்திலிருந்த சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கினாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"உங்க கை வேர்வை பட்டுடுச்சு தம்பி. அழுக்குத் துணியை நான் மடிக்கிறதில்லை. காயட்டும், மடிச்சுத் தரேன்."

"இப்ப ஆட்டம் இருக்கு."

"போய் ஆடுங்க. யார் வேண்டாம்னது?"

மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு அவன் ஆடினதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. வேர்த்துக் கொட்டும்போதெல்லாம் கை துண்டைத் தேடி நாற்காலிக்குப் போய் வெறுமனே திரும்பியது. எதிராளிக்குப் பாதி வேலை மிச்சம். முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான். நான் துடைப்பத்தோடு இறங்கினேன். வெள்ளைக் கோட்டு மேலேயே வரிசையாக அவன் ஷூ தடம். அதைக் கூட்ட மனசு வராமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா மகளும் குழந்தையும் வந்திருந்தார்கள். குழந்தை இவள் மடியில். பக்கத்தில் நீலத் துண்டு, மூணாய் மடித்து, முனை உள்ளே செருகி இருந்தது.

"காஞ்சிடுச்சுங்க. நாளைக்குப் போறப்ப அவன்கிட்ட குடுத்துருங்க" என்றாள்.