பாட்டுக் கேட்ட செடி

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அறிவியல் ஆசிரியைக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேனர் மிஸ். ஒரு வீட்டுப்பாடத்தைக் கையில் வாங்கினால் போதும், அது அப்பா எழுதியதா, அக்கா எழுதியதா, டியூஷன் சென்டரில் சொல்லிக் கொடுத்ததா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள் என்று பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

இந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு ஆராய்ச்சிக் கட்டுரை என்று ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. ஒரு கேள்வி, ஒரு ஊகம், வீட்டிலேயே ஒரு சோதனை, தினமும் அளவு, கடைசியில் முடிவு. பெரியவர்கள் கை படக் கூடாது. பட்டது தெரிந்தால் கட்டுரை தள்ளுபடி, மதிப்பெண்ணும் கிடையாது. தேறுகிற ஒன்று பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்குப் போகும். சலித்து எடுத்ததில் இரண்டு மிஞ்சின. ஒன்று பஸ் டிரைவரின் மகளுடையது. மற்றது மிஸ்ஸின் சொந்த மகளுடையது.

டிரைவரின் மகள் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பெண். ஸ்டீல், கண்ணாடி, பிளாஸ்டிக் டம்ளர்களில் எதில் ஐஸ் மெதுவாக உருகும் என்பது அவளுடைய கேள்வி. 'என் ஊகம் தவறாகிவிட்டது. ஏன் தவறியது என்பதுதான் இப்போது எனக்குச் சுவையான கேள்வி' என்று முடித்திருந்தாள். இந்த வாக்கியம் அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது? அளவுகள் வேறு தாறுமாறாக ஏறி இறங்கின. நடுவில் ஓரிடத்தில், 'இன்று அளவு இல்லை, தங்கை ஐஸைத் தின்றுவிட்டாள்.' வேறு யாராயிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மிஸ்ஸுக்குச் சந்தேகம் முற்றியது. நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று விவரமான ஆள் யாரோ வேண்டுமென்றே வைத்த ஓட்டை இது என்று முடிவு கட்டினாள்.

ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"நானேதான் மிஸ்."

"அப்பாவா?"

"அப்பா வீட்டுக்கு வர்றப்ப நாங்க தூங்கிடுவோம் மிஸ்."

"அப்ப அம்மா."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படிக் கலங்கும் என்று மிஸ் நினைத்துக்கொண்டாள். தப்புச் செய்யாதவர்களும் அழுவார்கள் என்பது அவளுடைய ஸ்கேனரில் கிடையாது.

விஷயம் தலைமை ஆசிரியை வரைக்கும் போயிற்று. "இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஃபோன்ல முடிவச் சொல்லிடுங்க டீச்சர். சந்தேகம்னா தள்ளிடுவோம். நாளைக்கு அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவக் கூப்பிட்டுப் பேசிக்கலாம்," என்றார். "உங்க பொண்ணோடதுங்கிறதுக்காக அத ஒதுக்க வேண்டாம். நல்லா இருந்தா அதையே அனுப்புங்க."

நல்லாத்தான் இருந்தது. இரண்டு தொட்டி, இரண்டு அவரைச் செடி. ஒன்றுக்குத் தினமும் பாட்டுப் போட்டுக் காட்டுவது, மற்றதை அமைதியாக விடுவது. பாட்டுக் கேட்ட செடி மளமளவென்று உயர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, சோபாவில் சாய்ந்து, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மகளின் கட்டுரையைப் பிரித்தாள். அளவுப் பட்டியலை அதுவரை அவள் வரி வரியாகப் பார்த்ததே இல்லை. சொந்தப் பிள்ளை எழுதியதை யார் ஸ்கேன் செய்வார்கள்?

ஒரு சனிக்கிழமையின் வரியில் கண் நின்றுவிட்டது.

அன்று மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுப் பால்கனியில் மிஸ் ஈரப் போர்வையை உதறியபோது அது தொட்டியில் பட்டு, பாட்டுக் கேட்ட செடி முறிந்துபோனது. பிள்ளை மனம் நொந்துவிடுமே என்று, எதற்கும் இருக்கட்டும் என்று அடுக்களை ஜன்னலில் முளைக்கப் போட்டிருந்த இன்னொரு செடியைத் தொட்டியில் நட்டுவிட்டாள். புதுச் செடி இரண்டு விரற்கடை குட்டை. மகள் வந்து ஒன்றும் கேட்காததில் அன்று அவளுக்கு எவ்வளவு நிம்மதி.

குட்டைச் செடி நின்ற அந்தத் தேதியில் அளவு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. முந்தின நாளைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது.

இவள் அளக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் மனம்போன போக்கில் எழுதித் தள்ளியிருக்கிறாள். ஊரான் பிள்ளையை உலுக்கி எடுத்துவிட்டு வந்தால், திருட்டு நம் வீட்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க வா," என்று கூப்பிட்டாள். மகள் தலை துவட்டியபடி வந்து நின்றாள்.

"செடிய தினம் அளந்தியா?"

"அளந்தேன்மா."

"சனிக்கிழமையும்?"

மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கும்தான்."

"பொய் சொல்லாத. அன்னிக்கு அந்தச் செடி..." என்று ஆரம்பித்தவள், செடியை மாற்றியதைச் சொல்ல வேண்டிவருமே என்று நிறுத்திக்கொண்டாள்.

"குட்டையாப் போச்சு," என்றாள் மகள். "அளந்தப்பவே தெரிஞ்சுது. குப்பையில பழைய செடி கெடந்துது. நீதான் மாத்திட்டேன்னு புரிஞ்சுது."

"பின்ன ஏன் அப்படி எழுதல?"

"எழுதினா உன்னைத்தானே கேப்பாங்க? பெரியவங்க தொடக் கூடாதுன்னு நீதானே ரூல் வாசிச்ச." குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான், அதுக்கப்புறம் தினமும் அளந்ததுல கொஞ்சம் கூட்டிக் கூட்டி எழுதினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்மா."

கூட்டி எழுதிய அளவுதான் இப்படி ஒழுங்காக ஏறும், தங்கை தின்றதைக்கூட ஒளிக்காமல் எழுதிய டிரைவரின் மகள் பொய் எழுதவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. மிஸ்ஸுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளையைச் செய்யாத தப்புக்கு அழவைத்தாயிற்று, இன்னொரு பிள்ளைக்குத் தப்பு செய்யவே கற்றுக்கொடுத்தாயிற்று. இரண்டும் ஒரே கை. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபோனை எடுத்தாள்.

"அந்த ஐஸ் கட்டுரைய அனுப்பிடுங்க மேடம். அதுல ஒரு தப்பும் இல்ல. அவங்க வீட்டுல யாரையும் கூப்பிட வேண்டாம். அந்தப் பொண்ணுகிட்ட நாளைக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"என்ன டீச்சர் திடீர்னு? அதுல யாரோ பெரியவங்க கை பட்டிருக்குன்னு நீங்கதானே அடிச்சுச் சொன்னீங்க?"

"கை பட்டது என் பொண்ணோட கட்டுரையில மேடம்."

மகள் அசையாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோட கை?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"என்னோடது," என்றாள்.