நாற்பத்தேழாம் எண்

கப்பல் கட்டும் தளத்தில் வெல்டருக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஓர் இணைப்பைப் பற்றவைத்து முடித்ததும் விரல் நீள எஃகு அச்சை அதன் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. எண் தகட்டில் இறங்கிவிடும். இடக்கையனின் எண் நாற்பத்தேழு. பதினெட்டு வருடத்தில் அவனுடைய இணைப்பு ஒன்றுகூட எக்ஸ்ரே சோதனையில் தோற்றதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறென்ன சொத்து அவனுக்கு?

அந்தத் தளத்தில் கட்டிய ரோந்துக் கப்பல் ஒன்று நான்கு வருடம் கடலைக் காவல் காத்துவிட்டுப் பழுதோடு திரும்பியிருந்தது. புயலில் பின்பக்க இணைப்பு ஒன்று விட்டுப்போய் சுக்கான் அறைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. கதவை அடைக்க ஓடிய மாலுமிக்கு இரண்டு விரல்கள் போயின. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால் விரிசலின் ஓரத்தில் நாற்பத்தேழு.

இடக்கையனைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உருகி உறைந்த வரிகள் இடமிருந்து வலமாக ஓடியிருந்தன. அவன் கை வலமிருந்து இடமாகத்தான் போகும்.

"இது என் கை இல்ல சார்."

"நம்பர் உன்னோடதுதானே?" விசாரணை அதிகாரி வெல்டிங் பதிவிலிருந்து தேதியைப் படித்தார். கப்பலைத் தண்ணீரில் இறக்குவதற்கு முந்தைய வாரம்.

அந்த வாரத்தையும் சேர்த்துப் பத்து நாள் அவன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். ஃபோர்மேன் அவனுக்கு மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். "நீ படு மாப்ள, லீவெல்லாம் எழுத வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று வருகைப் பதிவேட்டில் இவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவர். சாயங்காலமானால் மாத்திரையோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்த நன்றியை இடக்கையன் நான்கு வருடமாகச் சுமந்துகொண்டு திரிந்தான்.

எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். மச்சானைக் கூப்பிட்டார்கள். அவர் இவன் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் பிரித்து வைத்தார்.

"வந்திருக்கான் சார். கையெழுத்து இருக்கே."

அடப்பாவி மனுஷா. இடக்கையனுக்கு இப்போதுதான் புரிந்தது. கப்பலை இறக்கும் நாள் நெருங்கிய அவசரத்தில், சர்டிபிகேட் இல்லாத எவனையோ வைத்துப் பற்றவைத்திருக்கிறார். நாற்பத்தேழு என்று பார்த்தால் சோதிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பதினெட்டு வருடப் பேரை ஒரே தட்டில் தின்று ஏப்பம் விட்டிருக்கிறார்.

அதிகாரி மோசமானவர் அல்ல. "நீ வீட்லதான் கெடந்தேன்னு சொல்ல ஆள் இருக்கா?"

"என் வீட்டுக்காரி இருக்கா சார். அவதான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டா."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வா. இல்லேன்னா உன் சர்டிபிகேட் ரத்தாயிடும். அப்புறம் எந்தத் தளத்துலயும் நீ வெல்டிங் பண்ண முடியாது."

வழியெல்லாம் அவனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான். அவள் மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள்.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்ப என் சட்டைப் பையில அச்சு இருந்துச்சே, அத யாரு எடுத்தா?"

"நான்தான். அண்ணன் கேட்டுச்சு, குடுத்தேன். எதுக்குன்னு நான் கேக்கல."

"சரி, போகட்டும். நாளைக்கு வந்து நான் காய்ச்சல்ல கெடந்தேன்னு சொல்லு. அது போதும்."

மேசை மேல் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ஒன்றில் ஆறிய தேநீர் பாதி மிச்சம். மச்சான் எப்போதும் பாதிதான் குடிப்பார்.

"அண்ணனுக்கு வேலை போயி, கேஸும் ஆயிடுமாம்," என்றாள் அவள் தரையைப் பார்த்து. "உங்களுக்கு ஸ்டோர்ல எடம் பாத்துத் தர்றேன்னு சொல்லிட்டுப் போச்சு."

"நான் வேற ஒண்ணும் கேக்கல. அந்தப் பத்து நாளும் ராத்திரி பகலா என் நெத்தியில ஈரத்துணி போட்டது யாரு? அத மட்டும் சொல்லு."

அவள் சட்டையை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அந்தப் பத்து நாளும் நீங்க வேலைக்குத்தான் போனீங்க," என்றாள்.