ஒன்பதாம் நம்பர் மலைக்காரி

சிறுத்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடப்போகிறார்கள் என்ற செய்தியோடு வந்தவன் என் கூடப்பிறந்த தம்பி. வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சனம் கல்லெடுத்தே விரட்டியிருக்கும்.

ஜெயரூபன் வனஜீவராசி ஆபீஸில் மிருக டொக்டருக்கு உதவியாள். நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அப்படியொரு வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான். மாசி மாதம் ஒன்பதாம் நம்பர் மலையில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற ஓரத்தில், காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு பெண் சிறுத்தை இடுப்போடு மாட்டிக்கொண்டது. மயக்க ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அதற்கு இறைச்சி போடுவதும், இறைச்சிக்குள் மருந்து வைத்துக் கொடுப்பதும் இவன் வேலை. பெற்ற தாய்க்குக்கூட இவன் இப்படி மருந்து கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூட்டம் போட்டான். புண் ஆறிவிட்டது, பழைய இடத்திலேயே விட வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் மாடசாமி மாமா எழுந்துவிட்டார்.

"ஏன்டா தம்பி, வாசல்ல படுத்திருந்த என் நாய தூக்கிட்டுப் போன கழுத அது. அதுக்கு நீ வைத்தியம் பாத்து, சோறு போட்டு, திரும்ப எங்க வாசலுக்கே கூட்டிட்டு வாரியா?"

சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாம் மலையில் மேல் நிரையில் கொழுந்து எடுக்கிறவள் நான். இருட்டு விலகாத நேரத்தில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அந்த ஓரத்தில் ஏறி நிற்கும்போது, புதர் அசைந்தாலே இரண்டடி பின்னால் போவேன். பேஸ்புக்கில் கொழும்புக்காரர்கள் சிறுத்தைக்கு இதயம் போடுகிறார்கள். போடட்டும். அவர்கள் யாரும் விடியற்காலையில் ஆளுயர மானாப்புல்லைத் தாண்டி ஒதுங்கப் போவதில்லையே.

"வேற காட்டுல விடச் சொல்லு" என்றேன்.

"அங்க உள்ள சிறுத்தைங்க அடிச்சே கொன்னுடும்க்கா. இதுதான் அதோட எடம்."

அப்போது இராக்கம்மா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சித்திரையில் பன்றி இடித்துத் தள்ளி, பதுளை ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வந்தவள். இன்னும் நொண்டித்தான் நடக்கிறாள்.

"சிறுத்த இருக்கும்போது நாய்தான் போச்சு. அது போனதுக்கு அப்புறம் பன்னி கூட்டங்கூட்டமா வருது. வத்தாளக் கெழங்குல ஒன்னு மிச்சமிருக்கா? என் இடுப்பாவது மிச்சமிருக்கா? எனக்கென்னமோ அவளே தேவலன்னு தோணுது."

சிறுத்தையை 'அவள்' என்று முதலில் சொன்னது இராக்கம்மா அக்காதான். அதன் பிறகு ஆளுக்கொரு பேச்சு. குட்டி போட்டால் என்ன செய்வது என்றார் ஒருவர், பன்றிக்கு வேறு என்ன வழி என்றார் இன்னொருவர். கத்தலில் மடுவத்துத் தகரம் அதிர்ந்தது. ஜெயரூபன் கையைத் தூக்கினான்.

"ஒரே ஒரு விஷயம். ஓரத்துல இருக்கிற சுருக்குக் கம்பியெல்லாம் எடுத்து என் கையில குடுத்தாத்தான் டொக்டர் விடுவாங்க. இல்லாட்டி திரும்பவும் மாட்டும். எடுக்காட்டி, அது சாகும்வரைக்கும் கூண்டுதான்."

சட்டென்று எல்லா வாயும் மூடிக்கொண்டது. சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றம்; கம்பி என்னுடையது என்று சொன்னால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். சொல்லாமல் இருந்தால் சிறுத்தையும் வராது. வேண்டாம் என்கிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன? சும்மா இருந்தாலே போதும். ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜ் மட்டும் கூரையைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்குப் பொறி தட்டியது. தை மாதம் நான் பண்டாரவளைச் சந்தைக்குப் போனபோது பீன்ஸ் பந்தலுக்கு என்று சொல்லி ஒரு சுருள் கம்பி வாங்கி வரச் சொன்னார். நானும் தலையில் வைத்துச் சுமந்து வந்தேன். எங்கள் பீன்ஸ் இன்றுவரை குச்சியிலும் சணலிலும்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ரொட்டிக்கு மாவு பிசையும்போது கேட்டேன்.

"பீன்ஸ் கொடிக்கு இரும்புக் கம்பிதான் வேணுமாமோ?"

"மெதுவா பேசு. பக்கத்து வீட்டுல காது இருக்கு."

"இருக்கட்டும். ஒன்பதாம் மலையில மாட்டுனது நம்ம கம்பியா?"

அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "தெரியலடி. அந்த ஓரத்துல நானும் வச்சேன், இன்னும் நாலு பேரும் வச்சாங்க. எல்லாம் ஒரே மாதிரிக் கம்பி. பன்னி மட்டுந்தான் மாட்டும்னு நெனச்சேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதே ஓரத்தில் நான் தினமும் கால் வைக்கிறேன். என் காலாவது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? மாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன். அன்று ரொட்டியை அவரேதான் சுட்டார். ஒரு பக்கம் கருகியிருந்தது.

ஜெயரூபன் மறுநாள் புறப்படும்போது முகம் செத்துப்போயிருந்தது. "யாரும் வாயத் தொறக்க மாட்டாங்கக்கா. நான் போய் டொக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? கூண்டுக்குள்ள அது ஒரே எடத்துல சுத்திச் சுத்தி தரையே தேஞ்சு போச்சு."

சிறுத்தைக்காக என் மனம் இளகியது என்று சொன்னால் பொய். தம்பிக்காகத்தான் இளகியது. சொந்த ஊரில் அவன் சொல் செல்லாமல் போகக்கூடாது.

அந்த வாரமே பத்தாம் நம்பர் மலையில் கவ்வாத்துத் தொடங்க இருந்தது. தேயிலையை வெட்டிக் கட்டையாக்குகிற வேலை. முதல் நாள் காலையில் ஆண்கள் தங்கள் கவ்வாத்துக் கத்திகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, மலை உச்சியில் இருக்கும் கவ்வாத்துச் சாமிக் கல்லின் முன்னால் வைப்பார்கள். பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிய பிறகுதான் கத்தியைத் தொடுவார்கள். சாமி முன்னால் வைத்ததை இது யாருடையது என்று கேட்பது எங்கள் கணக்கில் பெரிய குற்றம். ஒருமுறை புதிதாக வந்த கணக்குப்பிள்ளை அப்படிக் கேட்டுவிட்டு, அந்த வருடம் முழுவதும் பேச்சு வாங்கினார்.

நான் இராக்கம்மா அக்காவிடம் போனேன். "கத்தி சுத்துற சாக்குலயே கம்பியையும் சுத்திட்டு வரச் சொன்னா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு இம்புட்டு மூளை இருக்குன்னு இத்தன நாளா தெரியாமப் போச்சே!"

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலும் கொழுந்து மலையிலும் பேச்சு பரவியது. பெண்கள் பெண்களிடம் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அன்று ரொட்டி கருகியதாகக் கேள்வி. ஜெயரூபனிடம் போனில் சொன்னேன்: "பூச முடியிற மட்டும் கீழ ரோட்டுல நில்லு. மேல வந்துடாத. எதையும் கேக்காத."

அந்தக் காலையில் பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டே நாங்கள் எல்லாரும் கல்லைத்தான் பார்த்தோம். என் வீட்டுக்காரர்தான் முதலில் போனார். சாக்கை வைத்தார். கத்தி மட்டும் சுற்றிய சாக்கைவிட அது பெரிதாகப் புடைத்திருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்து வந்தவர் வெறும் கத்தியை வைத்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் வீட்டுக் கம்பி மட்டும் தனியாகக் கிடந்தால், கேட்காமலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

மாடசாமி மாமா ஏறி வந்தார். சாக்கை விரித்தார். மறைக்கவே இல்லை. கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லின் முன்னால் போட்டார். சாமியிடம் பேசுகிறவர் போலச் சத்தமாகவே பேசினார்.

"சாமி, என் நாயத் தின்ன சிறுத்த அது. எனக்கு அதும்மேல கோவம் இன்னும் போகல. ஆனா கம்பியில தொங்குனப்போ மொதல்ல பாத்தது நான்தான். அது போட்ட சத்தம் என் காத விட்டுப் போகமாட்டேங்குது. கோவம் வேற, இது வேற. யாரும் அப்படித் தொங்கக்கூடாது."

வெறும் கத்தி வைத்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பாதையோரப் புதருக்குள் போய், அங்கே ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வரிசையில் நின்ற மற்றவர்களின் சாக்குகளும் கனமாகத்தான் இருந்தன. சூடம் காட்டும்போது கல்லின் முன்னால் கத்தியைவிடக் கம்பிதான் அதிகம்.

பூசை முடிந்து ஜெயரூபன் மேலே வந்தான். குவியலைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் வாரிக் கட்டும்போது அவன் தோள் குலுங்கியது. நானும் அழுதேன். பெருமையில் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

தோட்டத்துத் துரையிடம் நாங்கள் கேட்ட பாதுகாப்பும் கிடைத்தது. காட்டோர மலைகளில் இனி வெயில் ஏறிய பிறகுதான் கொழுந்து. தனியாக யாரையும் நிறுத்தக்கூடாது. ஓரத்து மானாப்புல்லை வெட்டிவிட வேண்டும். பன்றிக்கு ஆண்கள் முறை வைத்துத் தகரம் தட்டுகிறார்கள். என் வீட்டுக்காரரின் முறையில் பீன்ஸ் தப்பிவிட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தூக்கம்தான் போய்விட்டது.

ஒருநாள் காலை, தார்ப்பாய் போட்டு மூடிய கூண்டோடு லொறி ஒன்று மேலே போனது. முன் சீட்டில் தம்பி. நாங்கள் நிமிர்ந்து நின்றோம். லொறி திரும்பி வந்தபோது கூண்டுக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. தம்பி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினான்.

மறுநாள் ஒன்பதாம் மலையில் கொழுந்து. வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் மேல் நிரையில் கால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் எல்லாரும் நின்றுவிட்டார்கள். இராக்கம்மா அக்கா நொண்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய், இடுப்பில் கை வைத்துக் காட்டைப் பார்த்துக் கூவினாள்.

"ஏ புள்ள! நாங்க வந்துட்டோம்! பகல்ல எங்க மல, ராவானா ஒன் மல. கேக்குதா?"

காட்டுக்குள் ஒரு குருவி மட்டும் கத்தியது.

"கேட்டுருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, கூடையை முதுகில் சரிசெய்து, அக்காவுக்குப் பக்கத்து நிரையில் நான் இறங்கினேன்.